கவிமணியும் இங்கிலீஷ் இலக்கணமும்

இங்கிலீஷ் பாஷை பயிலும் நம் பிள்ளைகள் இடறி விழும் இடங்கள் பல. அவற்றுள் தலையாயது நிபந்தனை வாக்கியம். "இஃப்" என்ற சிறு சொல் தலை காட்டியதும், அதுவரை தைரியமாகப் பேசி வந்த மாணவன் வாயடைத்து நின்றுவிடுகிறான். "நாளை மழை பெய்தால் நான் வரமாட்டேன்" என்பதை இங்கிலீஷில் சொல்லச் சொன்னால், வாக்கியத்தின் இரண்டு பகுதிகளிலும் "வில்" என்பதைச் சேர்த்துவிடுகிறான். இரண்டுமே நாளைக்கு நடக்கப் போகிறவை ஆயிற்றே என்பது அவனுடைய நியாயம்.

இந்தத் தடுமாற்றத்துக்கு மருந்து தமிழிலேயே இருக்கிறது. "மழை பெய்தால்" என்று சொல்லும்போது, இனிமேல் பெய்யப் போகும் மழையைத்தான் குறிக்கிறோம். ஆனால் அந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். பெய்து முடிந்ததைக் காட்டும் இறந்த கால உருவத்தின் மேல் அல்லவா "ஆல்" ஏறி நிற்கிறது? வரப் போவதைச் சொல்ல நாம் இறந்த காலத்தைக் கடன் வாங்குகிறோம். இங்கிலீஷ்காரன் நிகழ்காலத்தைக் கடன் வாங்குகிறான். இதை எடுத்துக் காட்டினால் பிள்ளைகளின் அச்சம் பாதி விலகிவிடுகிறது என்பதை நாம் வகுப்பில் கண்டிருக்கிறோம்.

மீதிப் பாதியும் கடினமன்று. இங்கிலீஷ் நிபந்தனை வாக்கியங்களை மூன்று வகையாகக் கொள்ளலாம். நடக்கக் கூடியதைச் சொல்வது முதல் வகை. "நான் அரசனாக இருந்தால்" என்பது போல, இப்போது உண்மையல்லாததைக் கற்பனை செய்வது இரண்டாம் வகை. இதற்கு அவர்களும் நம்மைப் போலவே இறந்த கால உருவத்தைக் கையாளுகிறார்கள். நடந்து முடிந்ததை மாற்றி நினைத்துப் பார்ப்பது மூன்றாம் வகை. "நேற்று வந்திருந்தால் பார்த்திருப்பாய்" என்பதில் நாம் இரண்டு இடங்களிலும் "இரு" என்பதைத் துணைக்கு அழைப்பது போல, அவர்கள் ஓரிடத்தில் "ஹாட்" என்பதையும், மற்றோரிடத்தில் "உட் ஹாவ்" என்பதையும் அழைக்கிறார்கள்.

விதி விளங்கினால் மட்டும் போதாது, பழக்கம் வேண்டும். பழகுவதற்குச் சொல்லத் தகுந்த விஷயமும் வேண்டும். தவறிப்போன ரயிலையும் மறந்துபோன குடையையும் வைத்து ஐம்பது வாக்கியங்கள் எழுதிய மாணவன், ஐம்பத்தோராவது வாக்கியத்தைச் சொந்தமாகச் சொல்லத் திணறுகிறான். நம் நாஞ்சில் நாட்டில் இதற்கு வெளியே போய் விஷயம் தேட வேண்டியதில்லை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் சரித்திரம் ஒன்றே போதும்.

கவிமணி 1876-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் தேதி சுசீந்திரத்துக்கு அருகேயுள்ள தேரூரில் பிறந்தார். அக்காலத்தில் இது திருவிதாங்கூர் சமஸ்தானம். பள்ளியில் அவருக்கு வாய்த்தது மலையாளம். தமிழை அவர் ஊரிலிருந்த மடத்தின் தம்பிரான் ஒருவரிடம் கற்றார். பின்னர் நாகர்கோயிலிலும் திருவனந்தபுரத்திலும் ஆசிரியராக இருந்து 1931-இல் ஓய்வு பெற்றார். எட்வின் ஆர்னால்டு 1879-இல் வெளியிட்ட புத்தர் காவியத்தைத் தழுவி "ஆசிய ஜோதி"யை இயற்றினார். பாரசீகக் கவி உமர் கய்யாமின் பாடல்களை, பிட்ஜெரால்டின் இங்கிலீஷ் வழியாகத் தமிழுக்குக் கொண்டு வந்தார். 1954-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி மறைந்தார்.

இனி வாக்கியங்களைப் பாருங்கள். "தேரூரில் மடம் இல்லாதிருந்தால், அந்தச் சிறுவன் தமிழ்க் கவிதைக்கு எப்படி வந்திருப்பான்?" "கவிமணி இங்கிலீஷ் கற்காதிருந்தால், உமர் கய்யாம் நம் வீட்டுத் திண்ணைக்கு எந்த வழியாக வந்திருப்பார்?" இவற்றை இங்கிலீஷில் சொல்ல முயலும் மாணவன் இலக்கணத்தோடு வேறொன்றையும் கற்கிறான். தான் பிறந்த மண்ணில் ஒருவர் இதே பாஷையைக் கற்று என்ன செய்தார் என்பதை அறிகிறான்.

இதனினும் கூர்மையான உதாரணம் ஒன்று உண்டு. முன்பு நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள் வழி வழங்கி வந்தது. ஒருவன் தேடிய சொத்து பிள்ளைகளுக்குப் போகாமல் சகோதரியின் மக்களுக்குப் போகும். அம்முறையால் மனைவி மக்கள் பட்ட பாட்டை, ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி வாயிலாக நகைச்சுவையும் கண்ணீரும் கலந்து கவிமணி பாடினார். அதுவே "நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்". 1926-இல் சமஸ்தானத்தின் சட்டம் அம்முறையை மாற்றியது. நூல் ஒன்றே இதற்குக் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், "அந்தச் சட்டம் வராதிருந்தால், உன் பாட்டிக்கு என்ன கிடைத்திருக்கும்?" என்று ஒரு பெண் குழந்தையைக் கேட்டுப் பாருங்கள். நிபந்தனை வாக்கியம் ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பது அவளுக்குப் புரியும்.

நம்மைப் போலவே நினைத்த கவி ஒருவர் வெகு தூரத்திலும் இருந்தார். கஜகஸ்தானத்தின் புல்வெளியில் 1845-இல் பிறந்து 1904-இல் மறைந்தவர் அபாய். செமெய் நகரில் மதரஸாவில் படித்த அவர், ருஷிய பாஷையையும் கற்றார். புஷ்கின், லெர்மாந்தோவ், கிரிலோவ் ஆகியோரைக் கஜக் பாஷையில் பெயர்த்தார். புஷ்கின் காவியத்தில் தத்தியானா எழுதும் கடிதத்துக்கு அவரே மெட்டும் அமைத்தார். அது மேய்ச்சல் நிலங்களில் பாட்டாக ஒலித்தது. ஜெர்மானியக் கவி கெதேயின் சிறு பாட்டு ஒன்று, லெர்மாந்தோவின் ருஷிய மொழிபெயர்ப்பு வழியாக அவரிடம் வந்து கஜக் பாட்டாயிற்று. பாரசீகம் இங்கிலீஷ் வழியாகத் தேரூருக்கு வந்ததும் இவ்விதந்தானே! 2022-இல் செமெயைத் தலைநகராகக் கொண்டு அமைக்கப்பட்ட மாகாணத்துக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

விந்தை என்னவெனில், கஜக் பாஷையின் போக்கும் நம்முடையதை ஒத்திருக்கிறது. "கெல்" என்றால் வா. "கெல்ஸெ" என்றால் வந்தால். நிபந்தனை வினையின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே, வாக்கியத்தின் தலையிலேயே "இஃப்" வந்து நிற்பதைக் கண்டு திகைப்பவன் நாகர்கோயில் மாணவன் மட்டும் அல்ல. செமெய் மாணவனும் அவனுக்குத் துணையாக இருக்கிறான்.

அபாய் தம் மக்களை அந்நிய பாஷை கற்கும்படி வற்புறுத்தினார். ஆனால், பதவி பெற்றுச் சொந்த ஜனங்களையே அதட்டுவதற்காகக் கற்பதை அவர் வெறுத்தார். இன்று நம் இல்லங்களில் நேர்ந்திருப்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கிலீஷுக்காகத் தமிழைக் கைவிட்ட பிள்ளைக்கு "ஆல்" தெரியாது. அதனால் "இஃப்" என்பதையும் அவன் வெறும் சூத்திரமாகவே நெட்டுருப் போடுகிறான். இரண்டு பாஷையிலும் அவனுக்கு வீடு இல்லை. கவிமணியின் தபால் தலை 2005-இல் வெளிவந்தது. அவர் பாட்டைப் படிக்கத் தெரியாத பேரப் பிள்ளைகளுக்கு அந்தத் தலையால் என்ன பயன்?

நேயர்களுக்கு ஒரு யோசனை சொல்வோம். தினமும் மாலையில் விளக்கேற்றிய பின், பிள்ளைகளை அருகில் அழைத்து மூன்று வாக்கியங்கள் சொல்லச் செய்யுங்கள். ஒன்று ஊரைப் பற்றி, ஒன்று குடும்பத்தைப் பற்றி, ஒன்று கவிமணியைப் பற்றி. முதலில் தமிழில், பிறகு இங்கிலீஷில். தவறினால் அதட்ட வேண்டாம்; "ஆல்" எங்கே நிற்கிறது என்று மட்டும் கேளுங்கள். ஒரு மாதம் இவ்வாறு செய்தால் பரீட்சைக்குப் பயன்படும். ஓராண்டு செய்தால், இங்கிலீஷில் தாம் படித்த நல்ல விஷயம் ஒன்றைத் தமிழில் எடுத்துச் சொல்லும் துணிவு பிள்ளைகளுக்கு வரும்.