கற்பனை ஊரில் கேமரா: அனுமதி யாரிடம்?

சிதம்பரம் நடராஜர் கோயில் கோபுர வாயிலில் 108 கரணச் சிற்பங்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. வடித்த சிற்பிகள் மறைந்து பல நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தக் கல்லின் மீது பதிப்புரிமை என்று யாரும் வர முடியாது. படம் எடுக்கக் கேட்பது, இடத்துக்குள் கேமராவைக் கொண்டுபோவதற்கான அனுமதி மட்டுமே. எம்.ஜி.ஆரின் ‘இதயக்கனி’ படமாக்கப்பட்ட பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டிலும் அப்படித்தான். மரத்தை யாரும் வரையவில்லை.

அதே கோபுரத்தை ஒருவர் கணினியில் முப்பரிமாணமாகக் கட்டி ஒரு மெய்நிகர் உலகத்தில் நிறுத்தினால் கதை மாறுகிறது. அங்கே சுவர், விளக்கு, மரம், தரையில் விழும் நிழல் எல்லாமே யாரோ உட்கார்ந்து செய்தவை. கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் இன்னொருவரின் உழைப்பு படத்தில் விழுகிறது.

கணினி விளையாட்டுக்குள் நடமாடும் பாத்திரங்களை நடிக்கவைத்து எடுக்கும் படத்துக்கு ‘மெஷினிமா’ என்று பெயர். ‘ஹேலோ’ விளையாட்டுக்குள் எடுத்த ‘ரெட் வெர்சஸ் புளூ’ தொடர் 2003இல் தொடங்கியது. உரிமையாளரான மைக்ரோசாஃப்ட் அதைத் தடுக்கவில்லை. 2007இல், ரசிகர்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று விதிகளையே எழுதி வெளியிட்டது. ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டுக்குள் ‘சவுத் பார்க்’ குழு 2006இல் எடுத்த அத்தியாயம், பிளிசார்ட் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு உருவாகி எம்மி விருதும் பெற்றது.

‘செகண்ட் லைஃப்’ என்ற மெய்நிகர் உலகத்தின் விதிகளைக் கவனித்துப் படிக்க வேண்டும். அங்கே நிலத்துக்குச் சொந்தக்காரர் உண்டு. புகைப்படம் எடுக்க, அவர் தடை எழுதி வைக்காதவரை யாரையும் கேட்க வேண்டாம். வீடியோ என்றால் தலைகீழ்: அவர் அனுமதித்து எழுதி வைத்திருக்க வேண்டும், இல்லையேல் நேரில் கேட்க வேண்டும். கூட்டத்தில் ஒருவராக வந்து போகிறவர் பரவாயில்லை. அடையாளம் தெரியும்படி காட்டினால் அந்த அவதாரின், அதாவது திரையில் அவரைக் குறிக்கும் உருவத்தின், சொந்தக்காரரும் சம்மதிக்க வேண்டும். பொம்மைக்கா இந்த மரியாதை என்று தோன்றலாம். பொம்மைக்குப் பின்னால் இருப்பவர் மனிதர்; அந்த மரியாதை நியாயமானதே.

மெய்நிகர் உலகத்தில் விழா நடத்துவது தமிழ்நாட்டிலும் புதிதல்ல. 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் திருமணம் செய்த ஒரு ஜோடி, வரவேற்பை மெட்டாவெர்ஸில், ஹாரி பாட்டர் கதையின் ஹாக்வார்ட்ஸ் பாணி அரங்கில் நடத்தியது. மணமகளின் மறைந்த தந்தையும் அவதாராக வந்து வாழ்த்தினார். நெகிழ்ச்சியான காட்சி. ஆனால் ஹாக்வார்ட்ஸ் சாதாரணப் பெயரல்ல. 2007இல் கொல்கத்தா சால்ட் லேக்கில் துர்கா பூஜைப் பந்தலை ஹாக்வார்ட்ஸ் கோட்டையாகக் கட்டியதற்கு வார்னர் பிரதர்ஸும் எழுத்தாளர் ரவுலிங்கும் டெல்லி உயர் நீதிமன்றம் போனார்கள். லாப நோக்கமற்ற விழா என்பதால் பந்தல் தப்பியது. வீட்டு விசேஷத்தை உறவினர்களுக்குக் காட்டுவது வேறு, அதையே விளம்பரப் படமாக்குவது வேறு.

இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52இல் ஒரு சலுகை தருகிறது: பொது இடத்தில் நிலையாக இருக்கும் கலைப்படைப்பு சினிமாவில் வந்தால் மீறலாகாது, பின்னணியாக மட்டும் வந்துபோகும் படைப்புக்கும் அப்படியே. ஆனால் அது தெருவில் நிற்கும் சிலையை மனதில் வைத்து எழுதப்பட்டது. சர்வரில் இருக்கும் ஊருக்கு அதை மட்டும் நம்பி இறங்குவது ஆபத்து. கணக்குத் தொடங்கும்போது படிக்காமல் ‘சம்மதம்’ என்று அழுத்திய ஒப்பந்தம்தான் அங்கே முதலில் பேசும்.

கடலூர் முதுநகரில் செல்போனில் கேம் வீடியோ எடுத்து யூடியூபில் போடும் பையன் பார்க்க வேண்டியதும் அந்த ஒப்பந்தத்தைத்தான். ‘மைன்கிராஃப்ட்’ காட்சியை வைத்து விளம்பர வருமானம் பெறலாம், ஆனால் தன் வர்ணனை போலச் சொந்தமாக ஏதாவது சேர்க்க வேண்டும். வீடியோவின் பின்னணியில் ஓடும் பாட்டு தனிக்கணக்கு. ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ படத்தில் ‘குணா’ படப் பாடல் வந்ததற்கு 2024 மே மாதம் இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியது. கேம் நிறுவனத்தின் அனுமதி அந்தப் பாட்டுக்குச் செல்லாது. ரெக்கார்டிங் தொடங்கும் முன் பாட்டை அணைத்துவிட்டு, விதிகள் இருக்கும் பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. நிறுவனங்கள் விதிகளை நினைத்தபோது மாற்றிக்கொள்ளும் உரிமையைத் தங்களிடமே வைத்திருக்கின்றன.