ஒன்றுக்கு இரண்டு ஊசி... மடிநோய்க்கு உதவுமா?

கறவை மாட்டின் மடி வீங்கி, பால் திரிதிரியாக வந்தால் வீடே பதறிப்போகும். ஒரு காம்பு நிரந்தரமாக வற்றினாலும் வருமானத்தில் அடிதான். அந்த அவசரத்தில், டாக்டர் போட்ட பென்சிலின் ஊசி போதாதென்று, போன முறை மிச்சமான டெட்ராசைக்ளினையும் சேர்த்துப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. இந்த ஜோடி ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும் என்பது பலருக்குத் தெரியாது.

பாக்டீரியா பெருகும்போது தன்னைச் சுற்றிப் புதுச் சுவர் எழுப்பும். அந்தக் கட்டுமானத்தைப் பென்சிலின் கெடுப்பதால் கிருமி வெடித்துச் சாகிறது. டெட்ராசைக்ளின் வேறு ரகம். கிருமியைப் புரதம் தயாரிக்க விடாமல், வளர்ச்சியை மட்டும் நிறுத்தி வைக்கும். வளராத கிருமி சுவர் கட்டாது. கட்டட வேலையே நடக்காத இடத்தில் பென்சிலின் எதைக் கெடுக்கும்?

மனிதர்களிடமும் இது நடந்திருக்கிறது. நிமோகாக்கஸ் கிருமியால் வரும் மூளைச்சவ்வுக் காய்ச்சல் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் லெப்பர், டௌலிங் 1951-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பென்சிலினுடன் டெட்ராசைக்ளின் வகை மருந்தும் பெற்றவர்களில் 79 சதவிகிதம் பேர் இறந்தனர். பென்சிலின் மட்டும் பெற்றவர்களில் இறப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

அதற்காக எல்லாக் கூட்டும் தப்பில்லை. பென்சிலின் சுவரை ஓட்டையாக்கினால், ஸ்ட்ரெப்டோமைசின் சுலபமாக உள்ளே நுழையும். சில கிருமிகள் அமாக்சிசிலினைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கும். கூடவே வரும் சல்பாக்டம் அந்த நொதியை முடக்கிவிடும். எதை எதோடு சேர்ப்பது என்பதுதான் விஷயம், எத்தனை என்பதல்ல. பொருந்தும் மருந்துகளைக்கூட ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது. ஜென்டாமைசினைப் பென்சிலினோடு கலந்தால், உடம்புக்குள் போகும் முன்பே அதன் வீரியம் குறையத் தொடங்கிவிடும்.

ஆகவே, மாட்டுக்குப் போட்ட மருந்தின் பெயர், தேதி, அளவை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். காலி பாட்டிலையும் வீசாமல் டாக்டரிடம் காட்டுங்கள். வேறு டாக்டர் வந்தாலும், 1962-க்கு போன் செய்து கால்நடை ஆம்புலன்ஸ் வந்தாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

இரண்டு மருந்து போட்டிருந்தால், எதற்கு அதிக நாள் பாலை ஒதுக்கச் சொல்லியிருக்கிறதோ அதுவரை ஊற்றக் கூடாது. மருந்து கலந்த பாலில் உறை ஊற்றினால் தயிரும் சரியாக உறையாது. உறைமோரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் அது விட்டுவைக்காது.