பனிமலைக்கு ஒரு வாரம் – 6: நிலக்கரி இல்லாத குளிர்காலம்

விசாவும் காப்புறுதியும் போன கிழமையோடு முடிந்தன. பனிச்சறுக்கு விபத்தும் அடங்குகிற காப்புறுதியாகப் பார்த்து எடுக்கவேண்டும் என்பதை மட்டும் திரும்பச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

இந்தக் கிழமை மலையின் உயரத்தைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் எந்தக் கிழமையில் போவது என்ற கேள்வி வந்து மறித்துக்கொண்டது. வன்னியிலிருந்து சுவிசுக்குப் போகிறவர்களில் அநேகம் பேர் தங்கப்போவது தம்பி வீட்டில், அல்லது பெறாமகள் வீட்டில். ஆகவே பயணத் தேதியை உண்மையில் தீர்மானிப்பது அந்த வீட்டுப் பிள்ளையின் பள்ளிக்கூடம். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரைக்குள் அங்கே ‘விளையாட்டு லீவு’ என்று ஒன்று வரும். சூரிச், பேர்ண், பாசல் எல்லாவற்றுக்கும் அது ஒரே கிழமையில் விழாது. மாநிலத்துக்கு மாநிலம், சில இடங்களில் ஊருக்கு ஊர் மாறும். அந்த நாட்களில் மலையூர்களில் அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். பிள்ளைகள் கூட வராவிட்டால் ஜனவரி நடுப்பகுதியையோ மார்ச் நடுப்பகுதியையோ பாருங்கள்.

பனி டிசம்பரிலேயே விழுகிற நாட்டில் எதற்காகப் பெப்ரவரியை ஒட்டி ஒரு லீவு? தேடிப்போனபோது கிடைத்த விடை இந்தக் கிழமை முழுக்க என்னோடு இருந்தது. அந்த லீவைத் தொடக்கிவைத்தது பனியல்ல, எரிபொருள் தட்டுப்பாடு.

இரண்டாம் உலகப்போர்க் காலம். சுவிஸ் போரில் இறங்கவில்லை, ஆனால் அதன் நிலத்தடியில் சொல்லிக்கொள்ளும்படி நிலக்கரியும் இல்லை. வந்ததெல்லாம் வெளியிலிருந்து, பெரும்பகுதி யேர்மனியிலிருந்து. போர் இறுகியதும் வரத்துக் குறைந்தது. 1940இல் எரிபொருளை மிச்சம் பிடிக்கச் சொல்லி அரசாங்கம் உத்தரவிட்டது. பள்ளிக்கூடக் கட்டடத்தைச் சூடாக்கக் கரி வேண்டும். எனவே குளிர்காலத்தின் நடுவே பள்ளிக்கூடங்களைச் சில நாள் மூடினார்கள். ‘சூடேற்றல் லீவு’ என்றே அதற்குப் பெயர். வீட்டிலும் கரி குறைவு, பிள்ளைகள் என்ன செய்வார்கள்? மலைக்கு அனுப்பினார்கள். 1941இல் சுவிஸ் ஸ்கீ சங்கம் பொன்ட்ரெசினா என்ற மலையூரில் 500 பொடியன்களைச் சேர்த்து இலவச முகாம் நடத்தியது. அந்த முகாம் இன்றைக்கும் பேர்ண் மாநிலத்து லெங்க் என்ற ஊரில் நடக்கிறது. யார் போவது என்பதைக் குலுக்கலில் தீர்மானிக்கிறார்கள். போர் முடிந்தது, நிலக்கரி திரும்பி வந்தது, லீவு மட்டும் நிலைத்துவிட்டது.

எனக்கு இது வெறும் தகவலாகப் படவில்லை. எரிபொருள் இல்லாமல் பள்ளிக்கூடம் மூடுவதை நாங்களும் கண்டிருக்கிறோம். 2022 ஜூனில் பெற்றோலும் டீசலும் இல்லாமல் இந்த நாட்டிலும் வகுப்புகளை நிறுத்தினார்கள். அதற்கும் முன்னால், தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில், மண்ணெண்ணெய் பொன்விலை விற்றது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு எண்ணெய் விட்டு, திரி ஏற்றிப் படித்த பிள்ளைகள் இன்று வன்னியில் அதிபர்களாகவும் வைத்தியர்களாகவும் இருக்கிறார்கள். வானொலி கேட்க ஒருவர் சைக்கிள் பெடலை மிதிக்க, டைனமோ மின்சாரம் தந்தது. சூப்பிப் போத்தலில் நாலு சொட்டுப் பெற்றோல் வைத்து மோட்டார் சைக்கிளை உசுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. பள்ளிக்கூடம் மரத்தடியிலும் நடந்தது, நிற்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு கிழமை விளையாட்டுக்கென்று கிடைத்திருக்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

பரந்தனில் பிறந்து பேர்ணில் குடியிருக்கும் எங்கள் உறவுக்காரி ஒருத்தி, ஜாம் போத்தல் விளக்கில் படித்தவள். அவளுடைய மகளைப் பள்ளிக்கூடம் பனிச்சறுக்கு முகாமுக்குக் கூப்பிட்டபோது தாய்க்குப் பயம். ஊரிலிருந்து அம்மம்மா போனில் சொன்னாராம்: “விடு பிள்ளை. போகட்டும். நீ ஓடித் திரியாத வயசில அவள் ஓடட்டும்.” பிள்ளை போனாள். இப்போது தாய்க்குச் சறுக்கப் பழக்குவது அவள்தான்.

செலவுக்குப் பயந்து முகாமை மறுக்கும் பெற்றோருக்கு ஒன்று. 2017 டிசம்பரில் சுவிஸின் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது: பள்ளிக்கூடம் கட்டாயமாக்கிய முகாமுக்குப் பெற்றோரிடம் நாளொன்றுக்கு 10 முதல் 16 பிராங்குக்கு மேல் வாங்கக்கூடாது. பிள்ளை வீட்டில் சாப்பிடாததால் மிச்சமாகிற தொகை அது. பெரிய மலைகளில் ஒருநாள் லிப்ட் சீட்டே 80 பிராங்கைத் தாண்டுவது சாதாரணம் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். உங்கள் பேரப்பிள்ளையின் முகாம் கட்டாயமானதா என்று பள்ளிக்கூடத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

உயரத்துக்கு இடம் சுருங்கிவிட்டது. அவசரத்துக்கு இவ்வளவு: நமது பீதுருதாலகாலை 2,524 மீற்றர். செர்மாட் ஊர் ஏறக்குறைய 1,600 மீற்றரில் இருக்கிறது. அங்கிருந்து கேபிள் கார் ஏற்றிவிடும் பனியாற்று நிலையம் 3,883 மீற்றர். கடல்மட்டத்தில் கிடைக்கும் காற்றழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குகூட அங்கே இல்லை. இரணைமடுக் காற்றில் பழகிய உடம்பை வந்திறங்கிய மறுநாளே அங்கே கொண்டுபோகாதீர்கள். இருதய வருத்தம், பிரஷர், ஆஸ்துமா உள்ளவர்கள் டிக்கெட் போடும் முன்னரே வைத்தியரிடம் கதைத்துவிடுங்கள். எந்த உயரத்தில் படுத்து எந்த உயரத்தில் சறுக்குவது, தலையிடி வந்தால் எப்போது கீழே இறங்குவது என்பதெல்லாம் அடுத்த கிழமை. சப்பாத்து வாடகைக் கணக்கும் அதோடு வரும்.