புறஊதா ஒளியில் கனிமங்களின் உடனொளிர்வும் ஒளிப்படச் சான்றும்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள பிராங்கிளின் துத்தநாகச் சுரங்கப் பகுதி, ஒளிரும் கனிமங்களுக்குப் பெயர்பெற்றது. அங்குக் கிடைத்த கற்களின்மீது இருட்டறையில் 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள குற்றலைப் புறஊதா ஒளியைச் செலுத்தினால், அவற்றிலுள்ள வில்லெமைட்டு பச்சையாகவும் கால்சைட்டு சிவப்புக் கலந்த செம்மஞ்சளாகவும் ஒளிரும். 1852இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ், ஏற்கப்படும் ஒளியைவிட வெளிப்படும் ஒளி நீண்ட அலைநீளமுடையது எனக் காட்டி, புளூரைட்டுக் கனிமத்தையொட்டி இந்நிகழ்வுக்குப் பெயரிட்டார்.

மேற்கண்ட இரு நிறங்களுக்கும் காரணம் ஒன்றே என்பது கருதத்தக்கது. கனிமத்தில் சிறிதளவு கலந்துள்ள, இரு நேர்மின்னேற்றம் கொண்ட மாங்கனீசு அயனியே அக்காரணமாகும். வில்லெமைட்டில் அது துத்தநாகத்தின் இடத்தில் நான்கு ஆக்சிஜன்களாலும், கால்சைட்டில் கால்சியத்தின் இடத்தில் ஆறு ஆக்சிஜன்களாலும் சூழப்பட்டுள்ளது. சூழல் மாறுவதால் ஆற்றல் நிலைகளின் இடைவெளி மாறுகிறது. அதனால் நிறமும் மாறுகிறது. கால்சைட்டிலுள்ள மாங்கனீசு 254 நானோமீட்டர் ஒளியை நேரடியாக நன்கு ஏற்பதில்லை; உடனுள்ள காரீயம் அதனை ஏற்று மாங்கனீசுக்குக் கடத்துகிறது. இரும்பு மிகுந்தால் ஒளிர்வு அவிந்துவிடும். ஆகவே நிறமும் செறிவும் வெறும் அழகல்ல, வேதியியல் தரவுகளாகும்.

அத்தரவை ஒளிப்படம் பெரும்பாலும் காப்பதில்லை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. விளக்கிலிருந்து கசியும் ஊதா ஒளி, ஒளிராத பகுதிகளையும் ஒளிர்வனபோல் காட்டும். வில்லைமுன் பொருத்தும் புறஊதாத் தடுப்பு வடிகட்டி, கண்ணுக்குப் புலனாகும் இவ்வூதாவைத் தடுக்காது. ஒளிராத சாம்பல்நிறப் பொருளொன்றைக் கல்லருகே வைத்துப் படமெடுத்தால் கசிவு தெரிந்துவிடும். வெள்ளைத்தாளை வெண்சமநிலைக்குப் பயன்படுத்துவதும் பிழையே. தாளில் சேர்க்கப்படும் வெண்மையூட்டிகள் தாமே நீலமாக ஒளிர்வன. (கல்லைத் துடைத்த துணியின் நூலிழைகளும் அவ்வாறே ஒளிர்ந்து, புதிய கனிமத் துகள்களோ என மயங்கவைக்கும்.)

கால்சைட்டில் இடர் இன்னும் நுட்பமானது. ஒளிபடு நேரம் மிகுந்தால் உணரியின் செந்நிறத் தடம் மட்டும் நிறைவெல்லையை எட்டும். பச்சைத் தடம் தொடர்ந்து ஏறும். செம்மஞ்சள் மஞ்சளாகத் திரியும். ஆதலின் பதப்படுத்தாத மூலக் கோப்பாக, வெண்சமநிலையைப் பகலொளி மதிப்பில் நிறுத்தி, வெவ்வேறு ஒளிபடு நேரங்களில் முக்காலியின் துணையுடன் படமெடுத்தல் வேண்டும். விளக்கின் அலைநீளம், வடிகட்டி, துளையளவு, ஒளிபடு நேரம் ஆகியவற்றைப் படத்துடனேயே பதிவுசெய்தல் வேண்டும். அலைநீளம் குறிக்கப்படாத படத்தை ஆய்வேடுகளில் சான்றாக ஏற்பது தகாது.

குற்றலை ஒளி விழிவெண்படலத்தைத் தாக்குமாதலின், படமெடுப்போர் பாலிகார்பனேட்டுக் காப்புக்கண்ணாடி அணிதல் இன்றியமையாதது.