உயிர் காலேஜும் உப்பளத்துப் பூநாரையும்

எல்.ஐ.சி. கட்டடம், சென்ட்ரல் ஸ்டேஷன், உயிர் காலேஜ், செத்த காலேஜ். ஒரு தலைமுறைக்கு முன் மெட்ராஸ் போய்த் திரும்பியவர்கள் ஊரில் வந்து சொன்ன பட்டியல் இது. உயிர் காலேஜ் என்றால் மிருகக்காட்சிசாலை. செத்த காலேஜ் என்றால் எழும்பூர் அருங்காட்சியகம்.

இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர், வளாகத்தில் கட்டிவைத்திருந்த உயிருள்ள புலியையும் சிறுத்தைக் குட்டியையும் பார்க்கவே ஜனம் முண்டியடிப்பதைக் கவனித்தார். ஆர்க்காடு நவாபிடம் பேசி, அவர் வளர்த்த விலங்குகளை வாங்கிவந்தார். 1855இல் தொடங்கிய காட்சிசாலையில் ஓராண்டுக்குள் 300க்கு மேற்பட்ட உயிர்கள். பிறகு அது சென்ட்ரலை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. இடம் போதாமல், 1985இல் வண்டலூருக்கு. கோவை வ.உ.சி. பூங்காவில் மாநகராட்சி நடத்திவந்த சின்னக் காட்சிசாலையும் 2022இல் அங்கீகாரத்தை இழந்தது. ஊர் நடுவே பூங்காவில் கூண்டு வைக்கும் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பொம்மையார்பாளையத்துப் பிள்ளைகளுக்கு அதனால் நஷ்டமில்லை. அதே சாலையில் மரக்காணம் பக்கம் போனால் கழுவெளி இருக்கிறது. தென்னிந்திய உவர்நீர் ஏரிகளில் பழவேற்காட்டுக்கு அடுத்துப் பெரியதாகச் சொல்லப்படுவது. 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்த இந்த நீர்ப்பரப்பை 2021இல் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது.

பனிக்காலத்துக் காலை வெயிலில் கரையில் நில்லுங்கள். பூநாரை கழுத்தை வளைத்து, தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் விடும். நாக்கு பம்புபோல் நீரை இழுத்துத் தள்ள, அலகோரத்துச் சீப்புப் பற்களில் சிற்றிறாலும் பாசியும் தங்கிவிடும். இறகின் சிவப்பெல்லாம் அந்த உப்புநீர்த் தீனி கொடுத்தது. கூண்டில் அடைத்து வேறு தீனி போட்டால் நிறம் மெல்ல வெளுத்துவிடும்; அதற்கென்றே காட்சிசாலைகளில் நிறச்சத்தைக் கலந்து கொடுக்கிறார்கள். இங்கே கலப்பது உப்பங்கழி.

கூண்டில்லாத இந்த உயிர் காலேஜுக்குக் காவல் நாம்தான். வலை விரிப்பவரையோ, கண்ணி வைப்பவரையோ கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பறவை எழுந்து பறக்கட்டும் என்று கல் எறியாதீர்கள். நெடுந்தூரம் பறந்து வந்தது இரை தேடத்தான். பிள்ளைகளோடு போங்கள், தள்ளி நின்று பாருங்கள், தின்பண்டக் கவரைப் பையிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள்.