ஒரு முறை நிறுவினால் போதும்

செய்முறைத் தேர்வுக்கு முந்தைய நாள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் பைத்தானைத் திறந்தபோது அது இயங்கவில்லை. தவறு என்னுடையது. அதிலிருந்து கற்றதை, லினக்ஸ் கணினிகளைப் பராமரிக்கும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

படப்பையில் எங்கள் ஆய்வகக் கணினிகளைப் பல வகுப்புகள் பயன்படுத்துகின்றன. பதினொன்றாம் வகுப்புக்கு சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான். ஒரு வகுப்பு மாற்றும் அமைப்புகள் மற்றொரு வகுப்பைப் பாதிக்காதிருக்க, ஒரே கணினிக்குள் இரண்டு தனி அறைகளை உருவாக்கினேன். இதற்கான கட்டளை 'சிஎச்ரூட்'. 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்புக் காலத்திலேயே தோன்றியது. குறிப்பிட்ட கோப்புறையைத்தான் முழுக் கணினி என்று நிரல் எண்ணிக்கொள்ளும். வெளியே இருப்பது அதற்குத் தெரியாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வெளியே நிறுவிய மென்பொருளும் அறைக்குள் தெரியாது. ஒவ்வோர் அறையிலும் தனித்தனியே நிறுவினால் வட்டில் இடம் வீணாகும். புதுப்பிக்கும் வேலையும் இரட்டிப்பாகும்.

இதற்குத் தீர்வு 'பைண்ட் மவுன்ட்'. ஒரே கோப்புறையை இரண்டு அறைகளிலும் தெரியச் செய்வது இது. நகல் எடுப்பதில்லை, எனவே கூடுதல் இடம் தேவையில்லை. நானும் மென்பொருள்களை 'ஆப்ட்' கோப்புறையில் ஒரே முறை நிறுவி, இரு அறைகளுக்கும் இணைத்தேன். ஆனால், எழுதும் அனுமதியோடு இணைத்துவிட்டேன். ஓர் அறையில் அழிந்த கோப்பு மற்றோர் அறையிலும் இல்லாமற் போனது.

வகுப்பறை அகராதியை நினைத்துப் பாருங்கள். எல்லோரும் அதைப் படிக்கலாம். குறிப்புகளை அவரவர் நோட்டில்தான் எழுத வேண்டும். அகராதியில் ஒருவர் பேனாவால் திருத்தினால், அடுத்து எடுப்பவர் தவறாகப் படிப்பார்.

இப்போது நான் பின்பற்றுபவை:

1. பகிரும் கோப்புறையை 'படிக்க மட்டும்' என்றே இணைக்கிறேன். பழைய பதிப்புகளில் முதலில் இணைத்து, பிறகு 'படிக்க மட்டும்' என மறுபடி இணைக்க வேண்டும். அறைக்குள்ளிருந்து ஒரு கோப்பை உருவாக்கிப் பார்க்கிறேன். கணினி மறுத்தால்தான் சரி.

2. மென்பொருளை மட்டுமே பகிர்கிறேன். மாணவர் கோப்புகளும் அமைப்புகளும் அந்தந்த அறையிலேயே இருக்கும்.

3. இரு அறைகளிலும் இயக்க முறைமையின் பதிப்பு ஒன்றாக இருக்குமாறு பார்த்துக்கொள்கிறேன். மென்பொருள் நாடும் துணைக் கோப்புகள் வேறுபட்டால் அது திறக்காமல் போகலாம். புதுப்பித்ததும் இரண்டிலும் சோதிக்கிறேன்.

4. நிர்வாகிக் கடவுச்சொல்லை மாணவர்களிடம் தருவதில்லை. நிர்வாகி உரிமை உள்ளவர் சிஎச்ரூட் அறையைத் தாண்டி வெளியேற முடியும். அது பூட்டிய அறையன்று.

2013-இல் வெளிவந்த டாக்கரும் இதே வழியில் செல்கிறது. பொதுவான அடுக்குகள் படிக்க மட்டுமே. ஒவ்வொரு கொள்கலனின் மாற்றமும் தனக்குரிய மேலடுக்கில் சேரும்.

அன்று மாலை இருட்டும்வரை இருந்து எல்லாவற்றையும் மீண்டும் நிறுவினேன். மறுநாள் தேர்வு தடையின்றி நடந்தது. கோப்பை அழித்தது யார் என்று நான் விசாரிக்கவில்லை. கதவைத் திறந்து வைத்தது நான்தானே!