பைபிளுக்கு வெளியே உள்ள சாட்சிகள் எவ்வளவு தாங்கும்?

இயேசு என்று ஒருவர் உண்மையிலேயே வாழ்ந்தாரா, முதல் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவம் என்று ஒன்று இருந்ததா என்ற பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு குரல்கள் ஓங்கி ஒலிக்கும். "யூதரான யோசேபஸே எழுதியிருக்கிறார், ரோமரான டாசிட்டஸே எழுதியிருக்கிறார், இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்பது ஒரு குரல். "அதெல்லாம் பிற்காலத்தில் பாதிரிமார்கள் செருகியது, ஒரு வரிகூட நம்பத்தக்கதல்ல" என்பது மற்றது. இரு தரப்பிலும் அந்தப் பக்கங்களைப் படித்துப் பார்த்தவர்கள் குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது. இத்தனைக்கும் அவை அதிகப் பக்கங்கள் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு மாலைப் பொழுதில் படித்து முடித்துவிடலாம். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, எது எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஆதாரம் என்றால் எதற்கு ஆதாரம்? இயேசு என்பவர் வாழ்ந்து மரண தண்டனை பெற்றார் என்பது ஒரு செய்தி. அவரைப் பின்பற்றியவர்கள் இன்ன காலத்தில் இன்ன ஊரில் இருந்தார்கள், இப்படி வழிபட்டார்கள் என்பது இன்னொரு செய்தி. அவர் உயிர்த்தெழுந்தார், அவர் தேவகுமாரன் என்பது மூன்றாவது. முதல் இரண்டைப் பற்றி ஒரு வரலாற்றாசிரியர் சாட்சி சொல்லலாம். மூன்றாவதற்கு எந்த ரோம எழுத்தாளரும் சாட்சியாக முடியாது. அதை மறுக்கவும் அவரால் முடியாது. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைப்பதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

அடுத்து, ஒவ்வொரு நூலிடமும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எப்போது எழுதப்பட்டது? எழுதியவருக்கு எப்படித் தெரியும்? அது யார் கை வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது?

யோசேபஸ்

கி.பி. 37-ல் எருசலேமில் ஆசாரியக் குடும்பத்தில் பிறந்தவர். ரோமருக்கு எதிரான போரில் கலிலேயாவில் தளபதியாக இருந்து, 67-ல் சரணடைந்து, பிறகு ரோமப் பேரரசர்களின் ஆதரவில் வாழ்ந்தவர். 'யூதத் தொன்மை வரலாறு' என்ற 20 பாகங்கள் கொண்ட நூலைக் கி.பி. 93-94 வாக்கில் முடித்தார்.

இதன் 18-ஆம் பாகத்தில் இயேசுவைப் பற்றி ஒரு சிறு பத்தி இருக்கிறது. அவரை மனிதர் என்று சொல்வதே சரிதானா என்று அது தயங்குகிறது. அவர்தான் கிறிஸ்து என்று அடித்துச் சொல்கிறது. மூன்றாம் நாள் உயிரோடு தோன்றினார் என்றும் சொல்கிறது. இப்படி எழுதுகிறவர் கிறிஸ்தவராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் யோசேபஸ் கடைசி வரை யூதராகவே இருந்தார். கி.பி. 248 வாக்கில் எழுதிய திருச்சபை அறிஞர் ஒரிகன், யோசேபஸ் இயேசுவைக் கிறிஸ்துவாக ஏற்காதவர் என்றே குறிப்பிடுகிறார். இந்தப் பத்தியை முழுதாக எடுத்தாள்கிற முதல் ஆள் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த யூசிபியஸ். 18-ஆம் பாகத்திற்கு இன்று நம்மிடம் உள்ள மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதியோ 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இடையில் அதைப் படியெடுத்துக் காத்தவர்கள் கிறிஸ்தவர்கள்.

எனவே இடைச்செருகல் உண்டு. அதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. முழுப் பத்தியும் செருகலா, இருந்த பத்தியில் சில சொற்கள் செருகப்பட்டனவா என்பதே கேள்வி. பத்தாம் நூற்றாண்டில் அகாபியஸ் என்ற ஆயர் அரபு மொழியில் எழுதிய வரலாற்றில் இதே பத்தி இன்னும் அடக்கமான வடிவில் வருகிறது. அங்கே அவர் கிறிஸ்துவாக இருக்கக்கூடும் என்றுதான் இருக்கிறது. சுலோமோ பைன்ஸ் என்ற அறிஞர் 1971-ல் இதை வெளிக்கொணர்ந்தபின், அடியில் யோசேபஸின் சில வாக்கியங்கள் இருக்கின்றன என்ற தரப்பு வலுப்பெற்றது. நானும் அந்தப் பக்கமே சாய்கிறேன். ஆனால் இந்தப் பத்தியின் மேல் வீடு கட்ட மாட்டேன்.

நமக்கு இது புதிதல்ல. கம்பராமாயணப் பதிப்புகளில் மிகைப் பாடல்களைத் தனியே ஒதுக்கி அச்சிடுகிறார்கள். பாடல்கள் செருகப்பட்டன என்பதால் கம்பன் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. ஓலையில் இருக்கிறது என்பதற்காக எல்லாம் கம்பன் வாக்கு என்றும் சொல்வதில்லை.

யோசேபஸில் நான் பெரிதும் மதிப்பது 20-ஆம் பாகத்தில் வரும் வேறொரு வரி. கி.பி. 62-ல் ரோம ஆளுநர் பெஸ்து இறந்துவிட, அடுத்த ஆளுநர் அல்பீனுஸ் வந்து சேராத இடைவெளி. அதைப் பயன்படுத்திக்கொண்டு பிரதான ஆசாரியர் அனானஸ் சங்கத்தைக் கூட்டிச் சிலரைக் கல்லெறிந்து கொல்லச் செய்தார். அவர்களில் ஒருவர், கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரர் யாக்கோபு. நியாய உணர்வுள்ள நகரத்தார் இதை எதிர்த்து முறையிட, அனானஸ் பதவி இழந்தார். யோசேபஸுக்கு அக்கறை அனானஸ் மீதுதான். யாக்கோபு போகிற போக்கில் வருகிறார். இயேசு என்பது அக்காலத்தில் சாதாரணப் பெயர். அனானஸுக்குப் பதிலாகப் பதவிக்கு வந்தவர் பெயரும் இயேசுதான்! அதனால் எந்த இயேசு என்று அடையாளம் சொல்ல வேண்டியிருக்கிறது. 'கிறிஸ்து எனப்பட்ட' என்பதில் பக்தியும் இல்லை, பகையும் இல்லை. யாக்கோபின் மரணத்தைப் பற்றிய கிறிஸ்தவ மரபுக் கதை, அவர் ஆலய உச்சியிலிருந்து தள்ளப்பட்டதாகச் சொல்கிறது. ஒரு கிறிஸ்தவர் செருகியிருந்தால் அந்தக் கதையை அல்லவா செருகியிருப்பார்? சம்பவத்தின்போது யோசேபஸுக்குச் சுமார் 25 வயது. எருசலேம் அவருடைய சொந்த ஊர்.

யோவான் ஸ்நானகனைப் பற்றியும் யோசேபஸ் எழுதுகிறார். கூட்டம் சேர்வதைக் கண்டு கலகம் வரும் என்று அஞ்சி ஏரோது அவரைக் கொன்றான் என்கிறார். நடனமாடிய பெண்ணும் இல்லை, தட்டில் வைத்த தலையும் இல்லை, இயேசுவோடு தொடர்பும் இல்லை. சுவிசேஷங்களோடு இப்படி ஒத்துப்போகாமல் இருப்பதே இது தனிச்சாட்சி என்பதற்கு அடையாளம்.

டாசிட்டஸ்

கி.பி. 116 வாக்கில் எழுதிய ரோம வரலாற்றில், 64-ஆம் ஆண்டு ஜூலையில் ரோம் நகரம் தீப்பற்றியதை டாசிட்டஸ் விவரிக்கிறார். பழியைத் தன்மேலிருந்து தள்ளுவதற்காக நீரோ கிறிஸ்தவர்களைப் பிடித்துக் கொடூரமாகக் கொன்றான் என்கிறார். அந்தப் பெயருக்கு மூலமானவர் திபேரியு ஆட்சியில் பொந்தியு பிலாத்துவால் தண்டிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார் என்று விளக்கம் தருகிறார். கிறிஸ்தவர்கள்மீது அவருக்கு அருவருப்புத்தான். இதைக் கிறிஸ்தவர் எழுதியிருக்க முடியாது என்பதற்கு அந்த அருவருப்பே போதும். இந்தப் பகுதியின் கையெழுத்துப் பிரதி 11-ஆம் நூற்றாண்டுடையது; பிளாரன்ஸில் உள்ளது. அதில் 'கிறெஸ்தவர்' என்றிருந்ததை யாரோ சுரண்டி 'கிறிஸ்தவர்' என்று திருத்திய தடயம்கூடத் தெரிகிறது.

ஆனால் டாசிட்டஸுக்கு எப்படித் தெரியும்? பிலாத்துவை அவர் 'புரோகுரேட்டர்' என்கிறார். 1961-ல் செசரியாவில் கிடைத்த கல்வெட்டு பிலாத்துவை 'பிரிஃபெக்ட்' என்கிறது. அதாவது டாசிட்டஸ் தன் காலத்துப் பதவிப் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறார். பழைய அரசுக் கோப்பைப் புரட்டி எழுதியதாகத் தெரியவில்லை. கிறிஸ்தவர்களே சொல்லிக்கொண்டதை அவர் கேட்டறிந்திருக்கலாம். அப்படியானால் இது இயேசுவுக்குத் தனிச்சாட்சி ஆகாது, கி.பி. 116-ல் படித்த ரோமர்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்பதற்கே சாட்சி. தீயையும் கிறிஸ்தவர்களையும் இணைப்பதே பிற்காலக் கற்பனை என்று பிரெண்ட் ஷா 2015-ல் வாதிட்டார். பலர் அதை ஏற்கவில்லை.

பிளினி

என் பார்வையில் மிக வலுவான சாட்சி இவர்தான். ஆனால் இவர் எழுதியது வரலாறு அல்ல, அலுவல் கடிதம். பித்தினியா-பொந்து மாகாண ஆளுநராக இருந்த பிளினி, கி.பி. 112 வாக்கில் பேரரசர் டிராஜனுக்கு எழுதி வழி கேட்கிறார். கிறிஸ்தவர்களை என்ன செய்வது? மும்முறை கேட்டும் மறுக்காதவர்களைக் கொல்ல அனுப்பிவிட்டேன். பெயரில்லாத ஒரு பட்டியல் வந்தது. அதிலிருந்தவர்களில் பலர் தாம் கிறிஸ்தவர்கள் அல்லர் என்றார்கள். சிலர் முன்பு இருந்ததாகவும் விலகிவிட்டதாகவும் சொன்னார்கள், அவர்களில் ஒருசிலர் 20 ஆண்டுகளுக்கு முன்பே விலகியவர்கள். குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடுவார்களாம். கிறிஸ்துவைத் தெய்வமாக நினைத்துப் பாடுவார்களாம். திருட மாட்டோம், விபச்சாரம் செய்ய மாட்டோம், வாக்குத் தவற மாட்டோம் என்று உறுதி எடுப்பார்களாம். பிறகு கூடிச் சாதாரண உணவு உண்பார்களாம்.

இவ்வளவுதானா என்று பிளினிக்குச் சந்தேகம். சபையில் பணிவிடைப் பொறுப்பு வகித்த இரண்டு அடிமைப் பெண்களைப் பிடித்துச் சித்திரவதை செய்கிறார். அளவுக்கு மீறிய மூடநம்பிக்கையைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை என்று எழுதுகிறார். அந்தப் பெண்களின் பெயரை அவர் எழுதவில்லை. அடிமைகளும் பெண்களுமாக இருந்தவர்கள் சபையில் பொறுப்பு வகித்தார்கள் என்ற அரிய செய்தி, அவர்களை வதைத்தவரின் பேனாவிலிருந்தே நமக்குக் கிடைக்கிறது. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தை என்னால் எளிதில் கடந்துபோக முடிவதில்லை.

இக்கடிதம் உள்ள பத்தாம் பாகத்தின் பழைய பிரதி தொலைந்துவிட்டது. 1502, 1508 ஆண்டுகளின் அச்சுப் பதிப்புகள் வழியாகவே அது நம்மிடம் உள்ளது. ஆயினும் கிறிஸ்தவர்களைக் கொன்றதைச் சாவதானமாகச் சொல்லும் கடிதத்தை இட்டுக்கட்டி ஒரு கிறிஸ்தவருக்கு என்ன லாபம்? ஒரு குறையும் உண்டு. இயேசுவின் வாழ்க்கையைப் பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை.

மற்றவர்களும் மௌனமும்

கிளாடியஸ் பேரரசர் காலத்தில் 'கிறெஸ்டஸ்' தூண்டுதலால் குழப்பம் விளைவித்த யூதர்கள் ரோமிலிருந்து துரத்தப்பட்டார்கள் என்கிறார் சூட்டோனியஸ். கிறெஸ்டஸ் என்பது அடிமைகளுக்கு இட்ட வழக்கமான பெயர். அது கிறிஸ்துவைக் குறிக்கலாம், குறிக்காமலும் போகலாம். தால்லஸ் போன்றோர் மூன்றாம் கை மேற்கோளாக மட்டுமே கிடைக்கிறார்கள். அவர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அலெக்ஸாந்திரியாவின் பைலோ இயேசுவைக் குறிப்பிடவில்லையே என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் யூதேயாவைப் பத்தாண்டு ஆண்ட பிலாத்துவுக்கே நம்மிடம் இருப்பவை பைலோ, யோசேபஸ் ஆகியோரின் சில பக்கங்கள், டாசிட்டஸின் ஒரு வரி, சில காசுகள், ஓர் உடைந்த கல். ஆளுநருக்கே கதி இதுவென்றால், கலிலேயக் கிராமத்துத் தச்சரைப் பற்றி அவர் வாழ்ந்தபோதே ரோமில் யாராவது எழுதியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பைபிளுக்கு வெளியே இருப்பதாலேயே ஒரு நூல் நடுநிலையானது ஆகிவிடாது. பைபிளுக்குள் இருப்பதாலேயே ஒரு கடிதம் வரலாற்று ஆவணம் அல்லாமலும் போகாது. பவுல் 50-களில் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில், எருசலேமில் இயேசுவின் சகோதரர் யாக்கோபைச் சந்தித்ததாகச் சொல்கிறார். அதே யாக்கோபின் கொலையைத்தான் சுமார் 40 ஆண்டுகள் கழித்து யோசேபஸ் எழுதுகிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து எழுதியவர்கள் அல்லர்.

ஆகத் தேறுவது இவ்வளவு: இயேசு என்று ஒருவர் இருந்தார், அவருக்கு யாக்கோபு என்ற சகோதரர் இருந்தார். பிலாத்து காலத்தில் அவர் கொல்லப்பட்டார் என்று பிற்கால ரோமர்கள் அறிந்திருந்தார்கள். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கடல் ஓரத்து மாகாணத்தில்கூட அவரைத் தெய்வமாகப் பாடியவர்கள் இருந்தார்கள், அதற்காகச் செத்தார்கள். விசுவாசி எதிர்பார்ப்பதைவிட இது குறைவு. மறுப்பவர் ஒப்புக்கொள்வதைவிட அதிகம். இங்கே அதிகம் சொல்லும் பத்திதான் அதிகம் சந்தேகத்துக்குரியதாக இருக்கிறது. வேறு ஏதோ வேலையாக எழுதும்போது தற்செயலாகச் சொல்லிப்போன வரிதான் நிற்கிறது. பழைய நூல்களை மேற்கோள் காட்டும் முன், எந்தச் சமயத்தாரும் இந்த ஒன்றை நினைவில் வைப்பது நல்லது.